கஸ்தோனின் ஸ்பிரிங்

ஆல்சித் குனிந்து, சாஸரில் கிடந்த கைக்கடிகாரத்தைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். மற்ற நான்கு கிழவர்களும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நகருது," என்றார்.

"இன்னுமா?"

"பெரிய முள்ளு இன்னொரு கோட்டையும் தாண்டிருச்சு. செத்தும் அடங்கலடா இவன்."

ஸொலான்ஜ் ஐந்தாவது முறையாகக் காப்பி ஊற்றினாள். அவளுடைய அப்பா கஸ்தோன், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, இரண்டாவது ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது சாய்ந்தவர். இன்று வெள்ளி. இரண்டு மணிக்கு அடக்கம்.

கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லெ லோக்ல் ஊரின் சாவிக்கடிகாரச் சங்கத்தில் ஒரு முறை இருந்தது. உறுப்பினர் இறந்தால் அவர் கடைசியாகச் சாவி கொடுத்த கடிகாரத்தை யாரும் தொடக் கூடாது. அது தானாக நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தைத் தலைவர் ஆல்சித் நோட்டில் எழுதுவார். டாக்டர் என்ன எழுதினாலும் சங்கத்துக்கு அதுதான் இறந்த நேரம். பிறகு கடிகாரத்தை அவர் கையில் கட்டிப் பெட்டியை மூடுவார்கள். சாதாரணமாக ஒன்றரை நாளில் வேலை முடிந்துவிடும். கஸ்தோன் எழுபத்தைந்து மணி நேரமாகச் சாகாமலிருந்தார்.

"ஸ்பிரிங்குன்னா இது ஸ்பிரிங்," என்றார் ஒருவர். "இப்ப எவன் செய்றான்?"

"அழகப் பாரேன். மணல் தூவின மாதிரி டயலு. முள்ள நீலம் பாய்ச்சியிருக்கான் பாரு, சாயமில்ல, நெருப்புல காட்டினது."

"நொடிமுள்ளு இல்லாததுதான் அழகே," என்றார் ஆல்சித். "கஸ்தோன் என்ன சொல்வான்? நொடிமுள்ளு ரயில்காரனுக்குத்தான் வேணும், மனுஷனுக்கு எதுக்கு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கஸ்தோன் சேர்த்துவைத்த முப்பத்தொரு கடிகாரங்களில் முப்பதுக்கு ஞாயிறுதோறும் ஸொலான்ஜ்தான் சாவி கொடுத்துவந்தாள். இந்த ஒன்றை மட்டும் அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

"மாமா, கொஞ்சம் தூசி படிஞ்சிருக்கு. துடைச்சுக் கொண்டாரேன்," என்றாள்.

"திருகத் தொட்றாதம்மா!"

"முப்பது கடிகாரத்தோட குப்பை கொட்டியிருக்கேன் மாமா."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரத்தைக் காதில் வைத்தாள். சாவிக்கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை அடிக்கும். எலி கொறிப்பதுபோல விடாமல் கேட்கும். இது ஒரு முறை அடித்தது. பிறகு யோசித்தது. பிறகு இன்னொரு முறை அடித்தது. முன்னறையில் இருந்த ஐவருக்கும் சேர்த்து இரண்டரைக் காது இருக்கும். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை.

பாலாடைக்கட்டிக் கத்தியின் நுனியை விளிம்பில் நுழைத்துப் பின்மூடியை நெம்பினாள். உள்ளே பிளாஸ்டிக் வளையம், நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி.

அவள் உட்கார்ந்துகொண்டாள். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே வீட்டுக்கு, தான் கட்டிக்கொள்ள நினைத்த ரோலானைச் சாப்பிடக் கூட்டிவந்திருந்தாள். சூப் முடிந்து உப்புக் கேட்டுக் கை நீட்டினான். சட்டைக்கைக்கு வெளியே பேட்டரி கடிகாரம் எட்டிப் பார்த்தது. அவன் அதற்கான கடையில்தான் வேலை பார்த்தான். பேட்டரிக் கடிகாரம் வந்து சாவிக்கடிகாரத் தொழிற்சாலை மூடி வேலையிழந்த கஸ்தோன், கரண்டியைக் கீழே வைத்து, "இந்த மேசையில ஒண்ணு அவன் சாப்பிடணும், இல்ல நான் சாப்பிடணும். நீயே சொல்லும்மா," என்றார். ஸொலான்ஜ் சொன்னாள். ரோலான் உப்பில்லாமலே எழுந்து போனான்.

மூடியின் உட்பக்கம் வெளிச்சத்தில் பளபளத்தது. பழுது பார்ப்பவர்கள் அங்கே தங்கள் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறிவைப்பார்கள். ஒன்பது தேதிகள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு ஒன்று, பதினாறு வருடமாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டிப் பூனைத்தலை. இரண்டு காது, மூன்று மீசை. அந்தப் பூனை ஒருகாலத்தில் அவளுக்கு வந்த கடிதங்களின் அடியில் உட்கார்ந்திருக்கும்.

"என்னம்மா, கடிகாரத்தக் குளிப்பாட்டுறியா?" ஆல்சித்தின் குரல்.

மூடியை அழுத்திப் பொருத்தினாள். சாவி கொடுக்கும் திருகை நகத்தால் வெளியே இழுத்தாள். ஓட்டம் நின்றது.

"மாமா," கதவைத் திறந்து சொன்னாள், "நின்னுருச்சு."

ஆல்சித் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு கடிகாரத்தைக் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டார். கண் கலங்கியது.

"பதினொன்னு நாப்பத்தாறு," என்று நோட்டில் எழுதினார். "சங்கத்துலயே இதுதான் அதிகம். மானஸ்தன்மா உங்கப்பன். பாட்டரிக்காரன் வாசப்படிய மிதிக்காத ஆளு."

"ஆமா மாமா," என்றாள் ஸொலான்ஜ். "வாசப்படிய மிதிச்சிருக்க மாட்டாரு. கடைக்குப் பின்வாசல் இருக்கு."

அவருக்கு அது கேட்கவில்லை.

பெட்டியை மூடும்முன் அவள்தான் அப்பாவின் கையில் வாரைக் கட்டினாள். கட்டைவிரலால் திருகை உள்ளே அழுத்தினாள்.

கல்லறைத் தோட்டத்தில் ரோலான் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றான். தலை நரைத்திருந்தது. ஸொலான்ஜ் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் குழியைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"பூனை இன்னும் நல்லாத்தான் வரையறே."

"கை நடுங்குதுன்னு வந்தாரு. சாவி கொடுக்க முடியல, பொண்ணுக்குத் தெரிஞ்சா சிரிப்பான்னாரு. உள்ள பேட்டரி வச்சுக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மாவே வருவாரு. வியாழக்கிழமைல. காப்பி குடிப்போம். செஸ் ஆடுவோம்."

வியாழக்கிழமைகளில் அப்பா சங்கத்துக்குப் போவதாகத்தான் சொல்வார். அவள் மப்ளர் சுற்றி அனுப்புவாள்.

"என்னைப் பத்திப் பேச்சு வராதா?"

"கேட்டேன். முதல் வருஷமே கேட்டேன்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "உனக்குக் கல்யாணம் கில்யாணமெல்லாம் பிடிக்காது, என் பேரச் சொன்னாலே எழுந்து போயிடுவன்னாரு. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள்.

"கடைசியா எப்ப மாத்தினே?"

"பிப்ரவரில."

"எவ்வளவு நாள் வரும்?"

"நல்ல பேட்டரி. ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்."

ஆல்சித் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "நம்ம கஸ்தோனுக்கு ஒரு நிமிஷ மௌனம்," என்று மணிக்கட்டை உயர்த்தித் தன் கடிகாரத்தைப் பார்த்தார். தலைகள் குனிந்தன.

ஸொலான்ஜ் நொடிக்கு ஒன்றாக எண்ணினாள். அறுபது வந்தது. ஆல்சித் கையை இறக்கவில்லை. நூறு வந்தது. யாரோ காலை மாற்றிவைத்தார்கள். பாதிரியார் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் நின்ற இடத்திலிருந்து ஆல்சித்தின் மணிக்கட்டு நன்றாகத் தெரிந்தது. கடிகாரம் ஏழு இருபதைக் காட்டியது. மூன்று நாளாகச் சாஸரையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனிதர் தன்னுடையதற்குச் சாவி கொடுக்க மறந்திருந்தார். முள் நகர்வதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஸொலான்ஜ் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.