தலையணைகளில் ஒரு கிறிஸ்துமஸ் மெட்டல்

1

இந்தக் கதை கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. மைசூர் ஹெப்பாளிலிருந்து கிளம்பும் ஆறு மணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தன்மயி, ஜனவரியில் மூன்று நாள் தவணையில் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா எழுதாதே" என்றாள். அந்த ஒரு நிபந்தனையால் நான்காவது முறையாக ஆரம்பிக்கிறேன்.

கைவிட்ட ஆரம்பங்களில் ஒன்று: "டிசம்பர் மைசூரில், டிரம்ஸ் வாசிக்கும் ஓர் ஐயங்கார்ப் பெண்—" (வேண்டாம். அவளைக் கண்காட்சியில் வைத்தது போல இருக்கிறது.)

இன்னொன்று: "பயம் என்பது—" (அது என்னவென்று தெரிந்திருந்தால் இந்தக் கதையை ஏன் எழுதுகிறேன்?)

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2

தன்மயிக்கு இருபத்தேழு வயது. மூவர் இசைக்குழுவில் அவள் டிரம்ஸ், ரத்தினவேல் பேஸ் கிடார், யுவன் கிடாரும் தொண்டையும். தொண்டை என்றுதான் சொல்ல வேண்டும். யுவன் பாடுவதில்லை, உறுமுவான். அவனுடைய சர்ச் மைதானத்தில் டிசம்பர் 23 சாயங்காலம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. ஐந்து வருடம் கெஞ்சி, இந்த முறைதான் ஹெவி மெட்டல் இசைக்கு அரைமணி நேரம் வாங்கியிருந்தான். யேசு பிறந்த இரவில் சத்திரக் கதவைச் சாத்தியவனின் பார்வையில் ஒரு பாட்டு எழுதியிருந்தான். அதன் பல்லவியே "இடமில்லை! இடமில்லை!" என்ற அலறல்தான்.

ஒத்திகை, அக்ரஹாரத்தில் தன்மயியின் பெரியப்பா சக்ரபாணி வீட்டு மாடி அறையில். கீழே வாடகைக்கு உமேஷும் ஸ்ரீதேவியும். மாதேஸ்வரன் மலைப்பக்கத்து ஹனூர்க்காரர்கள். டிசம்பர் மூன்றாம் தேதி ஸ்ரீதேவி மாடியேறி வந்தாள்.

"அக்கா, எம் பையன் ஏழு மாசத்துலயே பொறந்துட்டானுங்க. நாப்பது நாள் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருந்து இப்பத்தான் ஊட்டுக்கு உட்டாங்க. பெருஞ்சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போட்டுரும்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சம்..."*

* நிறுத்தச் சொல்லவில்லை. 'கொஞ்சம்' என்றுதான் கேட்டாள். மெட்டலில் கொஞ்சம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது.

வேறு இடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதனால் சத்தமே இல்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். டிரம்களின்மேல் நான்கு தலையணை. ஆம்ப்ளிஃபையரில் சொருகாத கிடார். யுவன் வாயை அகலத் திறந்து மூச்சை மட்டும் விட்டான். வாசிப்பது சரியா தப்பா என்று மூவருக்கும் தெரியாது. "மேடையில கேட்டாத்தான் தெரியும், அல்வா?" என்று, அல்லவாவைக் கன்னடமாக்கி, ரத்தினவேல் தினமும் சொன்னான். அதைக் கேட்கும்போதெல்லாம் தன்மயி தலையணைகளை இன்னொரு முறை சரிசெய்வாள்.

3

பதினெட்டாம் தேதி ரத்தினவேல் திரும்பியபோது, கிடார்க் கழுத்து சுவரோரம் சாத்தியிருந்த ஸ்டாண்டைத் தட்டிவிட்டது. இரண்டு சிம்பல் தட்டுகள் சிமெண்ட் தரையில் அதிர்ந்து விழுந்தன. கீழே, நேராக அந்த இடத்தில்தான் தொட்டில்.

தன்மயி செருப்பில்லாமல் ஓடினாள். ஸ்ரீதேவி கதவருகே வெளிறிப்போய் நின்றாள். தொட்டிலில் குழந்தை மாதேஷ், மூடிய கைகளோடு, அசையாமல். மூச்சு வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். வந்தது. தூங்கிக்கொண்டிருந்தான்.

"மாதேஸ்வரன் காப்பாத்திட்டாருங்க!" ஸ்ரீதேவி சிரித்தே விட்டாள்.

தன்மயியும் சிரித்தாள். படியேறும்போது, பாதியில், சிரிப்பு நின்றது. எதிர்வீட்டு நாய்கூடக் குரைத்ததே. இவன் மட்டும் எப்படி?

4

இங்கேதான் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம். நான்கு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தாயைக் கலங்கடிக்கக் கூடாதென்று தயங்கினாள் என எழுதியிருந்தேன். பஸ்ஸில் படித்துக் காட்டினேன். தன்மயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொய். சொன்னா அந்த வீட்டுல அழுகை, ஆஸ்பத்திரின்னு ஆயிடும், ப்ரோக்ராம் போயிடும்னுதான் சொல்லலே."

இன்னொன்றும் செய்தாள். இருபத்திரண்டாம் தேதி, ஸ்ரீதேவி அடுப்படியில் இருந்த நேரம், தொட்டிலுக்குப் பின்னால் நின்று ஸ்கூட்டர் சாவிக்கொத்தைக் கீழே போட்டாள். மாதேஷ் விழித்துத்தான் இருந்தான். திடுக்கிடவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. மறுபடி போட்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

ஸ்ரீதேவி வாசற்படியில் நின்றிருந்தாள். இனி மறைக்க வழியில்லை. தன்மயி தடுமாறிச் சொன்னாள்: சிம்பல், நாய், சாவி.

"உங்க கூத்துக்கு எம் பையன் காதக் கொற சொல்றீங்களா? ஊட்டுக்குள்ள எடம் உட்டதுக்கு இதுவா? போங்கக்கா. மொதல்ல வெளிய போங்க."

கதவு சாத்தப்பட்டது.

5

மேடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், கிழித்தேன். மிச்சம் இவ்வளவுதான்: முதல் பாட்டில் தன்மயியின் அடி யாருக்குமே கேட்கவில்லை. தலையணைக்குப் பழகிய கை, வெறும் டிரம்மிலும் மெத்தென்று விழுந்தது. "தனு, ஜோரா ஹொடி!" ஓங்கி அடி என்று யுவன் கன்னடத்தில் கத்தினான். அவளால் முடியவில்லை. "இடமில்லை!" என்று அவன் அலறத் தொடங்கியபோதுதான் கை விழித்தது. பின்வரிசைப் பிள்ளைகள் குதித்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளோ பொத்திய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு அடித்தாள்.

கைதட்டல் வந்தது. நன்றாக வாசித்தோமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

6 (அழித்தது)

ஸ்ரீதேவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறாள். பிஞ்சுக் கையை டிரம்மின்மேல் வைக்கிறாள். அதிர்வு பட்டதும் குழந்தை சிரிக்—

(இல்லை. யாரும் வரவில்லை. இதை வைத்திருந்தால் தன்மயி பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்துவிடுவாள்.)

6

இருபத்தாறாம் தேதி ஸ்ரீதேவி மாடியேறி வந்தாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அதற்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். காது பரிசோதனைக்கு வரச் சொன்ன சீட்டு. தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"எனக்கு முன்னமே தோணுச்சுங்கக்கா. கதவு அறைஞ்சாக்கூட திடுக்கிட மாட்டான். போனா நெசமாயிருமேன்னு போகல. சத்தம் போடாதீங்கன்னு உங்ககிட்ட வந்து கேட்டேனில்ல, அதுகூட அவனுக்குக் கேக்குதுன்னு என்னையே நம்ப வைக்கத்தானுங்க." சீட்டை மடித்தாள். "அவருக்கு ஷிப்ட். நீங்க வாரீங்களா?"

மறுநாள் மானசகங்கோத்ரியில் உள்ள பேச்சு–செவித்திறன் நிலையத்துக்குப் போனார்கள். குழந்தை தூங்கினால்தான் நெற்றியிலும் காதோரத்திலும் ஒயர் ஒட்ட முடியும். ஸ்ரீதேவியின் மடியில் அவன் தூங்கவேயில்லை. கடைசியில் தன்மயியின் தோளில் போட்டாள். அங்கே தூங்கினான். அவளை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்து அவனுக்கு ஒயர்களை ஒட்டினார்கள். அரைமணி நேரம் திரையில் கோடுகள் ஓடின. அவை மேலே போனால் நல்லதா, கீழே வந்தால் நல்லதா என்று இருவருக்கும் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

7

முடிவு எனக்குத் தெரியும். எழுதலாமா என்று ஸ்ரீதேவிக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் எழுதிக்கங்க. நான் கதவச் சாத்துனதையும் எழுதுங்க. டெஸ்ட்டுல வந்தத மட்டும் உட்ருங்க. அது மாதேசனோடது. பெரியவனாயி, யாருகிட்ட சொல்லோணுமோ அவனே சொல்லிக்குவான்."

அதனால், உங்களுக்குத் தோன்றும் முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அதைக் குழந்தையின் காதில் போட்டுவிட வேண்டாம். எனக்கு அனுமதி இருப்பது இதுவரைதான்: கோடுகள் நின்றன. பரிசோதித்த பெண்மணி ஒயர்களைக் கழற்றிவிட்டு, தன் நாற்காலியைத் திருப்பி, இன்னொன்றை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார்.

ஸ்ரீதேவி உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்" என்றாள். "சொல்லுங்க."