நிறமில்லாத துளிகள்

ஆய்வகத்தில் அவருக்கு இருட்டு என்று பெயர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. ஒளிரும் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால், அவர் நுழையும் அறையில் முதலில் விளக்கு அணையும். பிறகுதான் அவர் வாயிலிருந்து வணக்கம் வரும். குப்பி எதுவாயினும் அலுமினியத் தாளில் சுற்றிவைப்பார். வீட்டிலும் கை சும்மா இராது. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுத் தம் போக்கில் போய்விடுவார்.

"விரலை நறுக்கிட்டா அதையும் சேர்த்து வதக்கிடுவேன், பரவாயில்லையா?" என்று இருளுக்குள்ளிருந்து குரல் வரும்.

அவருடைய வேலை, எதிர்ப்பொருளுக்குச் சாயம் ஏற்றுவது. ஆன்டிபாடி என்று ஆய்வகத்தார் கூறும் அப்புரதம், நோயுற்ற செல்லைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சாயத்தைக் கோத்துவிட்டாலோ, அது பற்றிய இடம் நுண்ணோக்கியின் கீழ் சிவப்பாக ஒளிரும். சாயத்தின் ஒரு முனை, அமீன் என்னும் தொகுதியைக் கண்டால் விடாமல் கவ்விக்கொள்ளும் இயல்புடையது. புரதத்தின் மேனியெங்கும் அமீன் உண்டு என்பதால் வேலை எளிதாக முடியும். எனினும் அச்சாயத்துக்குத் தராதரம் தெரியாது. புரதத்தின் அமீனா, கரைசலில் கிடக்கும் வேறொரு பொருளின் அமீனா என்று பாராமல் எதிர்ப்பட்டதைக் கட்டிக்கொள்ளும். ஆகையால், "இது எதுல கரைஞ்சிருக்கு?" என்று கேட்காமல் எவர் கொடுத்த குப்பியையும் அவர் திறப்பதில்லை.

அன்று கேட்கவில்லை. குப்பியைக் கொண்டுவந்தவன் மைத்துனன்.

மனைவியின் தம்பியாகிய அவன், அடுத்த அறையில் புரதங்களைப் பிரித்துத் தூய்மை செய்யும் பணியில் இருந்தான். ஆண்டுதோறும் புதுப்பித்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்னும் பணி.

"இந்தாங்க அத்தான். கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. இதுக்கு மேல சுத்தம் பண்ணணும்னா குப்பியைத்தான் கழுவணும்."

"வாயைக் குறை மாப்ளே. இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருக்கிறதே இதுதான். இதைச் சுரந்த செல்லெல்லாம் செத்துப்போச்சே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. உறைபெட்டி பழுதுபட்ட அன்று அச்செல்கள் அழிந்தன. அதன்பின் அந்த எதிர்ப்பொருளைப் புதிதாகப் பெற வழியில்லாமற் போயிற்று. அந்த வாரத்திலேயே நிதி தரும் அறக்கட்டளையினர் வரவிருந்தனர். அவர்களுக்குக் காட்ட வேண்டிய படம் இக்குப்பியிலிருந்துதான் பிறக்க வேண்டும். படம் அவர்கள் மனத்தில் நிற்காவிடில் குழு சுருங்கும். சுருங்கினால் முதலில் வெளியேறுபவன் கடைசியாக வந்த மைத்துனன். இது வீடு வரைக்கும் தெரிந்த செய்தி.

இருட்டு பாதியை மட்டும் எடுத்துச் சாயம் சேர்த்தார். உரிய நேரம் கழித்து, ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே அதை இறக்கினார். பெரிய மூலக்கூறு முந்தி இறங்கும். ஒட்டாத சாயம் தயங்கித் தயங்கிப் பின்னால் வரும். ஆகவே முதலில் வரும் சிவப்பு, சாயமேறிய புரதம். அடுத்த சிவப்பு, வீண்சாயம். அன்று நெடுநேரம் நிறமற்ற துளிகளே சொட்டின. அவற்றைக் கழிவுக் குவளையில் விட்டார். பிறகு சிவப்பு வந்தது, ஒரே ஒரு முறை. வீண்சாயமே இல்லை, அத்தனையும் புரதத்தில் ஏறிவிட்டது என்று அவருக்கு உள்ளூரப் பெருமிதம். குழாயைச் சுத்தம் செய்து, குவளையைத் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தார்.

திசுச் சீவல்கள் மேல் அதை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோயுற்ற திசுவும் இருண்டிருந்தது. நலமான திசுவும் இருண்டிருந்தது.

மைத்துனனைக் கூப்பிட்டார்.

"எதுலடா கரைச்சே?"

"ட்ரிஸ்லதான் அத்தான். அமிலத்துல இறங்கி வர்ற புரதம் கெட்டுப்போகக் கூடாதுன்னு, பிடிக்கிற குப்பியிலேயே அமிலத்தை முறிக்க ட்ரிஸ் ஊத்தி வெச்சிருப்போம். எப்பவும் செய்யறதுதானே?"

"ட்ரிஸ் பூராவும் அமீன்டா."

அவன் காலிக் குப்பியை எடுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"அப்போ சாயத்தையெல்லாம் அதுவே குடிச்சிடுச்சா?"

"குடிச்சிடுச்சு."

"சரி, நம்ம ஆன்டிபாடி? அது சாயமில்லாம அப்படியே இறங்கியிருக்குமே. பிடிச்சு வெச்சிருந்தா மறுபடியும் ஏத்தலாமே?"

இருட்டு கழுவுதொட்டியைப் பார்த்தார். மைத்துனனும் பார்த்தான்.

"நிறத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

"வெளியாள் குடுத்திருந்தா எதுல கரைச்சேன்னு கேட்டிருப்பீங்க."

"கேட்டிருப்பேன்."

"என் அக்காவை நீங்க கட்டினது எங்கே வந்து நிக்குது பாருங்க."

இருவரும் அப்பொழுதே சென்று குழுத்தலைவியிடம் நடந்ததைக் கூறினர். டாக்டரம்மா என்று எல்லாரும் அழைக்கும் அவர் கடிந்துகொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீதி பாதி இருக்கில்ல? பெரிய திரையில காட்டப் போறோம். கடைசி வரிசையில இருக்கிறவருக்கும் பளிச்சுன்னு தெரியணும். சாயத்தைத் தாராளமா போடுங்க."

"நாலுக்கு மேல ஏத்தினா பிடிமானம் போயிடுமேங்க. நல்ல செல்லு மேலேயும் போய் ஒட்டிக்கும்."

"எனக்குத் தெரியாதா? ஒண்ணுக்கு நாலு சாயம்தான் அளவுன்னு உங்களுக்குச் சொன்னதே நான்தானே. இந்த ஒரு தடவை. அவங்க போனப்புறம் முறையா பண்ணிக்கலாம்."

"எதை வெச்சுங்க பண்றது?"

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பளிச்சுன்னு படம் இல்லேன்னா இந்தப் பையன் வேலையை நான் எப்படிக் காப்பாத்துறது? அதையும் யோசிங்க," என்றார்.

மைத்துனன் அக்காள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அன்று மூவரும் ஒன்றாக உண்ண அமர்ந்தனர். தட்டில் கை வைக்கும் முன்பே அவன் தொடங்கினான்.

"அத்தான், சரக்கு பாதியாயிடுச்சு. சாயத்தை ரெண்டு மடங்கா போட்டா ஈடாயிடும்."

"ஆளு இளைச்சுட்டான்னு ரெண்டு சட்டை போட்டா குண்டாயிடுவானா?"

மனைவிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "அதிகமா போட்டா அப்படி என்னதான் ஆகும்?"

"கை நிறைய மோதிரம் போட்டா விரல் மடங்குமா? எதையும் பிடிக்க முடியாது. ஆனா மினுக்கும்."

"என்னை ஒரு மோதிரத்தோட நிறுத்தினதுக்கு இதுதான் காரணமா? இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே!"

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள், பிறகு அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி இட்டு, கணவரைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"இவனுக்கு வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அவனுக்கு மறுபடி வேலை தேடத் தெரியும்னு சொல்லாதீங்க. போன தடவை ரெண்டு வருஷம் மாடியில விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தான். சோறு கொண்டுபோய் வெச்சவ நான்."

"அக்கா, அத்தானைச் சாப்பிட விடேன்."

"நான் என்ன வாயையா பொத்தினேன்?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை, எஞ்சிய பாதியை அமீன் இல்லாத பைகார்பனேட் கரைசலுக்கு மாற்றுவதற்காக ஜெல் குழாயில் இறக்கினார். மைத்துனன் பக்கத்தில் நின்று, சொட்டிய ஒவ்வொரு துளியையும் தனித்தனிக் குப்பியில் ஏந்தினான். ஒன்றையும் கொட்டாமல், புரதத்தைக் காட்டும் அளவி ஒன்றில் வைத்து, அது இருக்கும் குப்பிகளைக் கண்டறிந்து ஒன்றாகச் சேர்த்தார்கள். மொத்தமும் சுண்டுவிரல் நுனியளவே இருந்தது. சாயப் பொடியை இருட்டு ஈரமற்ற கரைப்பானில் கலக்கினார். கலக்கியபின் அது நெடுநேரம் காத்திராது.

"ஏன் அத்தான் நிறுத்திட்டீங்க?"

"உங்கக்காவை நினைச்சேன்."

"அதை நினைச்சா எனக்கே கை ஓடாதே."

கதவருகே டாக்டரம்மா வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எவ்வளவு போடறீங்க?"

மைத்துனன் சாயக் குப்பியை நீட்டியபடி நின்றான். அவன் முகத்தை இருட்டு ஒரு முறை பார்த்தார். அது சாதாரணமாகத்தான் இருந்தது, காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு பிப்பெட்டின் அளவைத் திருகி நிறுத்தினார்.

"ஒண்ணுக்கு நாலுதாங்க ஏத்தப் போறேன்," என்றார். "படம் மங்கலாத்தான் வரும்."