மேசைமேல் மூன்று பித்தளைத் துண்டுகள்

மலாயாவில் ஜாசின் கடைத்தெருவில் கமலவேணி தன் கிராமபோன் ரிப்பேர்க் கடையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, போலீஸ்காரர் வந்து கூப்பிட்டார். கண்ணில் மாட்டும் லென்ஸையும் கொண்டுவரச் சொன்னாராம் ஸ்டேஷன் வெள்ளைக்காரத் துரை. கணவர் இறந்தபின் நான்கு வருஷமாகக் கடை அவள் கையில்தான் இருந்தது. ஸ்டேஷன் வாசலை அவள் மிதித்ததே இல்லை.

மேசைமேல் மூன்று பித்தளைத் துண்டுகள். மூலையில் கைவிலங்கோடு ஓர் ஆள் நின்றான்.

"அக்கா, இவரு நியாலாஸ் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுறவரு, பேரு பெரியதம்பி," என்றான் மொழிபெயர்ப்பாளன் ராமையா. "இவரு வீட்டுப் பலகைக்கு அடியில கெடைச்சுது. டைம்பாம் சாமான்னு துரை நெனைக்கிறாரு. அப்படின்னா இந்த அவசரகாலச் சட்டத்துல தூக்குதான்."

"தோட்டத்து மேனேஜர் பங்களா குப்பையில கெடந்துச்சுக்கா," என்றான் பெரியதம்பி. "பளபளன்னு இருந்துச்சேன்னு எடுத்தேன்."

முதல் இரண்டும் அவளுக்குச் சட்டென்று விளங்கின. மூன்று ஈயக் குண்டுகள் கோத்த துண்டு, பாட்டு மிஷின் சுற்றும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மற்றது சாவி கொடுக்கும் சுருள்வில்லின் டப்பா. அவள் சொன்னதை ராமையா மொழிபெயர்க்கத் துரை எழுதிக்கொண்டார்.

மூன்றாவதை அவள் பார்த்ததே இல்லை. பித்தளைப் பிடி, அதன் முனையில் நகத்தளவு கத்தி. கத்தியடியில் ஏதோ பழுப்பாக அப்பியிருந்தது. துரை அந்தப் பழுப்பைத்தான் விரலால் காட்டினார்.

"அது வெடிமருந்தான்னு கேக்குறாரு."

தெரியாது என்றால் பெரியதம்பி கதை முடிந்தது. கிராமபோன் சாமான்தான் என்று அடித்துவிட்டு, நாளைக்கு வேறு ரிப்பேர்க்காரர் வந்து அது பொய் என்று சொன்னால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. லென்ஸை மாட்டினாள். பழுப்பை நகத்தால் சுரண்டினாள். சோப்பு மாதிரி வழுக்கியது.

ஒருமுறை யாரோ பூஞ்சை பிடித்த மெழுகு உருளை ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இசைத்தட்டு வருவதற்கு முந்தைய மிஷினில் பாடுவது. அதிலும் நகம் இப்படித்தான் வழுக்கியது.

"தம்பி, பழைய மிஷின்ல மெழுகு மேலயே பேச்சப் பதிவாங்க. வேணாம்னா மேல்தோலைச் சீவிட்டு மறுபடி பதியலாம். இது அந்தச் சீவுற கத்தின்னு நெனைக்கிறேன்," என்றாள் ராமையாவிடம்.

துரை நம்பவில்லை. நிச்சயமா என்று கேட்டார்.

"தீப்பெட்டி குடுக்கச் சொல்லுங்க. மெழுகுன்னா உருகும்," என்றாள்.

ராமையா மொழிபெயர்க்கத் தயங்கினான். கேட்டதும் துரை எழுந்து சுவரோரம் போனார். கான்ஸ்டபிள் வாசலுக்கு வெளியே போனார். கமலவேணி குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதைக் கத்தியடியில் பிடித்தாள். பழுப்பு மினுங்கி, இளகி, ஒரு சொட்டாக மேசைமேல் விழுந்து உறைந்தது.

துரை வந்து அந்தச் சொட்டைப் பென்சிலால் குத்திப் பார்த்தார். பிறகு தோட்டத்து மேனேஜருக்குப் போன் போட்டார். முன்பு இருந்த மேனேஜர் ஒருவர் விட்டுப்போன பழைய பாட்டு மிஷினைப் போன மாதம்தான் குப்பையில் போட்டோம் என்று பதில் வந்தது.

மத்தியானம் விலங்கைக் கழற்றினார்கள். பெரியதம்பி ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க நெருப்பு வெச்சப்ப நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்கா," என்றான்.

"நானுந்தான்லா," என்றாள் கமலவேணி.