சங்கிலியில் ஒரு பூட்டு

கிழட்டு அணைக்கு வைத்தியம் பார்ப்பதும் கிழவருக்குப் பல் பார்ப்பதும் ஒன்றுதான். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இன்னொன்று ஆடும். கோடை முழுக்க மேஸ்திரிக்கு அதுவே பிழைப்பு. ஷட்டரை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு, டர்பைனுக்குப் போகும் சுரங்கத்தில் துரு சுரண்டி, வெடிப்பு அடைத்து, பெயின்ட் அடித்தார்கள். இயந்திரங்களின் உறுமல் நின்றுபோன அணையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும். மேஸ்திரிக்கு அது பிடிக்கவேயில்லை.

பாவம், அடிபட்டது கீழே இருக்கும் பூங்காதான். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் கால்வாய் வழியாக அதன் குளத்துக்குப் போகும். இப்போது குளம் சேறாகி, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பூங்காவின் பொறுப்பாளர் மேஸ்திரியின் மனைவியே என்பதால் அவருக்குச் சாப்பாட்டிலும் மீன் பேச்சு, படுக்கையிலும் மீன் பேச்சு. இன்றைக்கு மதியம் தண்ணீர் வராவிட்டால் ஒன்றும் தேறாது என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர்தான் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துவிட்டாரே. ஆட்கள் வெளியே வந்து அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். அது அங்கே எழுதாத சட்டம். சுரங்கத்துக்குள் போகிறவன் ஷட்டர் சக்கரத்தின் சங்கிலியில் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியோடு இறங்க வேண்டும். ஏறி வந்து அவனே திறக்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் சக்கரம் சுற்றாது.

ஒரு பூட்டு தொங்கியது.

பித்தளைப் பூட்டு, பச்சையாகக் களிம்பு ஏறியது. அப்படியொன்றை ஸ்டோரில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் தங்கள் பூட்டைத் தூக்கிக் காட்டினார்கள். எவனோ விளையாடுகிறான், வெட்டித் தள்ளுங்கள் என்றார் இன்ஜினியர். அவருக்கு மேலிடத்துப் போன் மேல் போன். மேஸ்திரியும் கட்டரை எடுத்துச் சங்கிலிக்குக் கொண்டுபோய்விட்டார். பூட்டைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். உச்சி வெயிலில் அது ஜில்லென்று, ஈரமாக இருந்தது.

"பூட்டு தொங்குனா ஆள் உள்ள இருக்கான் சார். நான் ஒரு நடை பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். மேஸ்திரி தன் பூட்டையும் போட்டுவிட்டு இறங்கினார். ஈரச் சுவரும் பெயின்ட் வாடையும் தவிர ஒன்றுமில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது வளைவுக்கு அப்பால் யாரோ பேசும் குரல் கேட்டது. டார்ச்சை அடித்தார்.

அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. கால் சுவர் ஏணியின் கம்பிகளுக்குள் சிக்கியிருக்க, சுவரில் சாய்ந்து கிடந்தான். வெளியே வந்து பூட்டைக் கழற்றியவன், மறந்து வைத்த போனை எடுக்க, 'ஒரு நிமிஷம்தானே' என்று பூட்டுப் போடாமலே திரும்ப இறங்கியிருக்கிறான். அவன் கேன்டீனில் இருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 'உன் தம்பி என் பொறுப்பு' என்று சொல்லி வேலைக்குக் கூட்டி வந்தவர் அவர். கட்டரைக் கையில் எடுத்தவரும் அவர்தான்.

காலை விடுவித்து அவனைத் தூக்கி நிறுத்தினார். யாருடன் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

"பெரியவர் ஒருத்தர் மாமா. இருட்டுல பயப்படாதே, உங்க மாமா வருவாருன்னு சொல்லிட்டே இருந்தாரு. இப்பத்தான் அந்தப் பக்கமாப் போனாரு."

அந்தப் பக்கம் டர்பைன். மேஸ்திரி டார்ச்சைத் திருப்பவில்லை. திருப்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மேலே வந்தபோது சங்கிலியில் அவருடைய பூட்டு மட்டுமே இருந்தது. பித்தளைப் பூட்டை யாரும் தொடவில்லை என்று இன்ஜினியர் உட்பட எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மேஸ்திரி தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகுதான் சக்கரத்தைச் சுற்றவிட்டார்.

சாயங்காலம் பூங்காவுக்குப் போனார். குளத்தில் தண்ணீர் ஏறியிருந்தது, மீன்கள் துள்ளின. மனைவியின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"உங்க ஆளு ஒருத்தர் மதியம் காஞ்ச கால்வாய் வழியா ஏறி வந்தாருங்க. வயசானவரு, தொப்பலா நனைஞ்சிருந்தாரு. கொஞ்ச நேரம் பெஞ்சில உட்கார்ந்திருந்துட்டு, இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு."

அவள் கையில் பித்தளைப் பூட்டு, திறந்தபடி.

மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு, வேறு என்ன சொன்னார் என்று கேட்டார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு, இனிமே தண்ணிய விடலாம்னாரு."