பதினேழாம் விதியின் திருத்தம்

...இல்லை, இது நடக்கவே கூடாது, பதினாலு மாதமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த அரசன், ஆற்றை மலையிலேயே அடைத்துவைத்து ஏழு நாட்டையும் தவிக்கவிட்டவன், வாளும் அம்பும் இறங்காத உடம்புக்காரன், அவனை இவள் ஒரே உருட்டில், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல்... இருபது முகப் பகடை பதினெட்டைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது, ஆரிப் மேசையைத் தட்டுகிறான், "உம்ம ராசா சோலி முடிஞ்சுது வே!" என்கிறான், சுகன்யா கை கொட்டுகிறாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி, ஞாயிறு மதியம், நண்பர்கள் ரெண்டு பேரும் என் தங்கையும், ஆளுக்கொரு பாத்திரம், பகடை சொல்கிறபடி கதை நகரும், கதையை நடத்துகிறவன் நான், விதிகள் எழுதிய நோட்டும் என்னுடையது. அலுவலகத்தில் மற்றவர் கோப்பில் ஓட்டை கண்டுபிடித்தே பெயர் வாங்கியவன், என் நோட்டில் ஓட்டையா? அதையும் என் தங்கை விஜயஸ்ரீயா கண்டுபிடிக்க வேண்டும்?

என்ன செய்தாள்... பொறு, நிதானமாகப் பார்ப்போம். அவளுடைய பச்சிலைக்காரிக்கு 'அக்கரை சேர்த்தல்' என்று ஒரு சக்தி உண்டு, பதினேழாம் விதி, சம்மதிக்கிற யாரையும் ஆற்றின் அந்தக் கரைக்கு அனுப்பலாம், போனவர் கதைக்குத் திரும்ப மாட்டார். ஆடி அலுத்த பாத்திரங்களை நோகாமல் அனுப்பிவைக்க நான் வைத்தது, யாரும் சீண்டாத விதி, எந்த அரசன் சம்மதிப்பான்? அவள் சம்மதம் கேட்கவே இல்லையே, பானகத்தில் மயக்க இலையைக் கலந்தாள், உருட்டினாள், அவன் சாய்ந்தான், உடனே நோட்டைத் திருப்பி விதியின் கீழே இருந்த திருத்தத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி வாசித்தாள், 'நினைவில்லாதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார்.' அவ்வளவுதான், போய்விட்டான். இப்படி ஒரு மடத்தனத்தை எவன் எழுதினான் என்று நோட்டைப் பிடுங்கிப் பார்த்தால்... என் கையெழுத்து. கீழே தேதி வேறு, திருத்தத்துக்குத் தேதி போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அலுவலகப் புத்தி. நவம்பர் ஒன்பது.

நவம்பர் ஒன்பதா? அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று நாள் முன்னால், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, நான் மாடிக்கு வந்து இதையா எழுதிக்கொண்டிருந்தேன்? அடிபட்டு விழுந்த தோழனைத் தூக்கிப் போக வழி வேண்டும் என்று சுகன்யா கேட்டாளே, அதற்காகத்தான்... அவள் கேட்டது அதற்கப்புறம், தை மாதம். பொய் சொல்லாதே சிவசண்முகம், யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வாயில் குழாய், நினைவில்லை, ஆறாவது நாள், இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர், வீட்டுக்குக் கொண்டு போவதானால் கையெழுத்துப் போடுங்கள், நோயாளி எப்போதாவது இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். "சொல்லியிருக்காவ, கல்லிடைக்குறிச்சி வீட்டுலதான் உசுரு போகணும்னு சொல்லியிருக்காவ" என்றேன், கண்ணைச் சிமிட்டாமல். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். நம் பக்கம் எல்லாரும் செய்வதுதானே, ஆஸ்பத்திரியில் சாகவிடக் கூடாது என்று கடைசி மூச்சோடு வீட்டுக்குக் கொண்டு போவது, யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்... விஜி கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறியிருந்தாள், "நான் வார வரைக்கும் பொறுத்துக்கோண்ணே" என்று போனில் அழுதாள், நான் சரி என்றேன், வைத்தேன், கையெழுத்துப் போட்டேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதுதான் உண்மை, ஆறு நாள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தது, முடிந்தால் தேவலை என்றிருந்தது. ஆம்புலன்ஸ் சேரன்மகாதேவி தாண்டவில்லை, அதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"என்ன வே, பேயறஞ்ச மாதிரி இருக்கீரு? ஒரு ராசாதான போனான்" என்கிறான் ஆரிப். நடுவர் நான், செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அரசன் எழுந்துவிடுவான், மயங்கிக் கிடப்பவன் எப்படிச் சம்மதிக்க முடியும் என்று கேட்டால் போதும், நியாயம்தானே... அதை இவள் முகத்தைப் பார்த்து எந்த வாயால் கேட்பேன்? அவள் பதில் சொன்னால்? இவளுக்குத் தெரியுமா, அந்த டாக்டரிடம் ஏதும் பேசினாளா, அதற்குத்தான் வேலையை மாற்றிக்கொண்டு இங்கேயே வந்தாளா, சே, இது விளையாட்டு, ஜெயிக்க வேண்டும் என்று நோட்டைப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான், அவ்வளவுதானே?

"சொல்லுண்ணே. செல்லுமா, செல்லாதா?"

குரலில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை. "செல்லும்" என்றேன். "எழுதியிருக்குல்லா... செல்லும்."

ஆரிப் துள்ளினான், சுகன்யா அவன் முதுகில் ஒரு அடி போட்டாள், விஜி மட்டும் துள்ளவில்லை. பகடையை எடுத்துப் பைக்குள் போட்டு, நாடாவை இழுத்து முடிந்தாள்.

"நீ செல்லாதுன்னு சொல்லுவன்னுல்லா நெனச்சேன்" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அப்புறம் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆட்டத்தைச் சொன்னாளா, வேறு எதையாவதா... எழுந்து பின்னாலேயே போய்க் கேட்டுவிடலாம், நோட்டைத்தான் மூடிவைத்தேன். ஏழு மாதமாக இவள் அப்பாவின் கடைசி நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததால் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் நானும் இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.