விரலில் விழுந்த தழும்பு

மூன்று ஆண்டுகளாக ஏலவார்குழலி இரவல் வீணையில்தான் படித்தாள். வீணைக்குச் சொந்தக்காரியான ஆசிரியை ஊர் மாறிப் போய்விட்டதால், இனி சொந்தமாக ஒன்று வாங்கினால்தான் உண்டு. தாய்வீட்டில் பணம் கொடுத்தார்கள். பட்டுத்தறி நெய்யும் மாமனார் மயில்வாகனம் தடுப்பதற்காகவே கூட வந்தார்.

காஞ்சிபுரத்தில் பழைய வாத்தியங்களைப் பழுதுபார்த்து விற்பவர் யேசுதாஸ். அவர் எடுத்துக் கொடுத்த வீணையைக் குழலி மடியில் சாய்த்து மீட்டினாள். அவள் முகம் தெளிந்தது.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் மாமனார். "வூட்டுல ஒரு ஒப்பாரி பத்தாதுன்னு இன்னொண்ணு."

"ஒரு தபா ஒழுங்கா கேளுங்க மாமா."

"மூணு வருசமா கேட்டுக்கினுதான இருக்கேன். கையக் காட்டு."

வேட்டி மடியில் சுருட்டி வைத்திருந்த பட்டு இழையை எடுத்து அவளுடைய இடக்கை விரல் நுனிகளின் மேல் இழுத்தார். கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோலில் இழை சிக்கி அறுந்தது.

"பாத்தியாய்யா?" என்று யேசுதாசிடம் திரும்பினார். "பொடவையில கரையத் தனியா கோக்கற கோர்வைக்கு என் பக்கத்துல உக்காந்து நாடா போட இவதான் ஆளு. இந்தக் கை பட்ட பட்டெல்லாம் பிசிறு அடிச்சிக்கினு கெடக்குது. வீணையா தறியா, இங்கயே சொல்லிடட்டும்."

"ரெண்டும் செய்யறேன் மாமா."

"ரெண்டுங்கெட்டானாத்தான் ஆவும்."

யேசுதாஸ் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "குடிங்க ஐயா."

"உன் தண்ணிய நீயே குடி. குடும்பத்தக் கெடுக்கத்தான் கடை தொறந்துக்கினு இருக்கற."

கோபப்பட யேசுதாசுக்கு நியாயம் இருந்தது. அவர் பேசாமல் உள்ளே போய், வீணை போலவே இருந்த, ஆனால் விரல் வைத்து அழுத்தும் மெட்டுகளே இல்லாத ஒரு வாத்தியத்தைத் தூக்கிவந்தார்.

"கோட்டுவாத்தியம்மா. இதுல இடக்கை விரலு கம்பியத் தொட வேணாம். இந்தக் கட்டையப் புடிச்சிக் கம்பி மேல நகத்தினா போதும். கொஞ்ச நாள்ல தோலு பழையபடி ஆயிடும்."

குழலி கருங்காலிக் கட்டையை நகர்த்தினாள். எந்தச் சுரமும் அதன் இடத்தில் நிற்கவில்லை. பூனை கத்துவது போலிருந்தது. மயில்வாகனம் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று ஆண்டுப் படிப்பை விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீணையின் குடத்தை ஒருமுறை தடவினாள். பிறகு அதை யேசுதாஸ் பக்கம் தள்ளினாள்.

"இந்தக் கோட்டுவாத்தியத்தையே குடுங்கண்ணா."

சிரிப்பு நின்றது. மாமனாரிடம் இப்போது காரணம் எதுவும் மிஞ்சவில்லை. கோபம் மட்டுமே மிஞ்சியது.

"தறி நேரத்துல இதோட சத்தம் என் காதுல வுழக்கூடாது."

"வுழாது மாமா."

ஏச்சு வாங்கியவர் பதிலுக்கு ஏசியிருந்தால் அவள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பாள். கடவுள் பல நேரம் இப்படி வாய் திறவாத மனிதர்கள் வழியாகத்தான் உதவுகிறார்.

மயில்வாகனம் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். யேசுதாஸ் வாத்தியத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தூக்கிக்கொண்டு குழலி படியிறங்கினாள்.