மூச்சை எண்ணிய கை

சாலமோன் வாத்தியாருக்கு வாயைத் திறந்து மூச்சுவிடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஏரலில் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவர். எவராவது வாயைப் பிளந்திருந்தால் அதட்டமாட்டார். ஒரு விரலால் தம் உதட்டை இருமுறை தட்டுவார். அந்த வாய் மூடிக்கொள்ளும். கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் மனைவி ஞானசௌந்தரிக்கும் அது பழகிவிட்டது.

1911ஆம் வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு நிமிஷத்துக்கு நாற்பதை மிஞ்சினால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்காரன் முத்துமாலை வில்வண்டியைப் பூட்டி வாசலில் நின்றான். மருந்துசாலையில் கட்டுப்போடும் டிரசர் மதார் மூச்சை எண்ணிச் சொன்னதும் புறப்படுவதாக ஏற்பாடு.

மதார் மரியாதைக்காரர். அயலான் மனைவியின் மார்பைப் பார்க்கமாட்டார். ஆண்களுக்குப் பார்ப்பதுபோலப் போர்வைக்குமேல் வயிற்றையே பார்த்தபடி கடிகாரத்தை எடுத்தார். அவள் வாய் திறந்திருந்தது. வந்தவர் முன்னால் இப்படியா என்று வாத்தியார் உதட்டைத் தட்டினார். அவள் மூடிக்கொண்டாள்.

“இருபத்திரண்டு. பயமில்ல வாத்தியாரே. மழையில அலைக்கழிக்காதீங்க.”

வாத்தியாரின் தங்கை பாக்கியவதி விடவில்லை. “அண்ணே, மைனிக்கு நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுதே!”

“கடியாரம் வச்சு எண்ணினவரு சொல்லுதாரு. ஒனக்கென்ன தெரியும்?”

“எண்ணுதது கடியாரமா, கண்ணா?”

வண்டி திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலையில் ஞானசௌந்தரியின் உதடு நீலம் பாரித்திருந்தது. மதார் வந்து மறுபடி வயிற்றைப் பார்த்ததும் பாக்கியவதி குறுக்கே வந்தாள்.

“அண்ணாச்சி, அது ஒங்கள மாதிரி ஆம்பளையளுக்கு. பொம்பளைக்கு மூச்சு நெஞ்சுலல்லா ஓடும்! நெஞ்சப் பாக்க வெக்கம்னா என் கையப் பாருங்க.”

தன் உள்ளங்கையை மைனியின் நெஞ்சில் வைத்தாள். மதார் அந்தக் கையை எண்ணினார். நாற்பத்தெட்டு. முந்தின நாள் பெரிய மூச்சுகள் மட்டும் வயிறுவரை இறங்கியிருக்கின்றன. மற்றவை நெஞ்சோடு நின்றுவிட்டன.

“நேத்து வாயும் மூடியிருந்துது. எளப்பே தெரியல,” என்றார்.

முத்துமாலைக்கு ஆள் போயிற்று.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியபோது மழை வெறித்து நின்றது. வண்டிக்குள் பாக்கியவதியின் மடியில் தலைவைத்து, வாய் திறந்து இழுத்துக்கொண்டிருந்தாள் ஞானசௌந்தரி. மீசையில் வழிந்த நீரைத் துடைக்க வாத்தியார் விரலை உதட்டருகே கொண்டுபோனார். அவள் கண் அந்த விரலோடு போயிற்று. வாயை மூடிக்கொண்டாள்.

“தொறந்துக்கோ ஞானம், தொறந்துக்கோ.”

கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். கருங்குளம்வரை எடுக்கவில்லை. அங்கே அவள் கண்களை மூடுவதற்காக எடுத்தார். வாயை மூடி நாடிக்கட்டுப் போட்டது பாக்கியவதி.